நடுச் சாம்பலும் மாநிறமும்

120 ரோலில் 12 படங்கள்தான் வரும். ரோலிஃபிளெக்ஸ், ரோலிகார்டு, யாஷிகா மேட் என்று ஸ்டுடியோக்களில் பல பத்தாண்டுகள் உழைத்த இரட்டை லென்ஸ் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. 6 சென்டிமீட்டர் சதுரத்தில் 12 வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: எவ்வளவு வெளிச்சத்தை, எவ்வளவு நேரம் உள்ளே விடுவது? அனுபவசாலிகள் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். 100 ஏ.எஸ்.ஏ. பிலிம், நல்ல வெயில் என்றால் எஃப் 16, நொடியில் 125இல் ஒரு பங்கு. பிலிம் பெட்டிக்குள் சூரியன், மேகம், நிழல் என்று படம் போட்ட குறிப்பே இருக்கும். துல்லியம் வேண்டியவர்கள் லைட் மீட்டர் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் 1932இல் கையடக்க மீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, வெளிச்சத்தை முள் சொல்லும், மனிதர் கேட்பார் என்றாயிற்று.

அந்த முள் என்ன சொல்கிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் வழக்கே இருக்கிறது.

மீட்டருக்கு முகம் தெரியாது. எதை நோக்கிப் பிடித்தாலும், அது தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் நிறப் பொருள் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் சுவரைச் சாம்பலாக்கச் சொல்லும். கரிமூட்டையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கச் சொல்லும். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் உச்சி வெயிலில், வெள்ளையடித்த தொழிற்சாலை மதிலுக்கு முன்னால் ஒரு கறுத்த பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேமராவிலுள்ள மீட்டர் சட்டகம் முழுவதையும் பார்த்து, மதிலின் பிரகாசத்துக்கு மிரண்டு, துளையைச் சுருக்கச் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டால் சரியான அளவைவிட இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் பிலிமில் விழும். நடுச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் இருண்ட அவள் முகம் இப்போது மூன்று ஸ்டாப் கீழே போய்விடுகிறது. கண், மூக்கு, சிரிப்பின் கோடு எதுவும் நெகட்டிவில் பதிவதில்லை. பிரிண்டைப் பார்ப்பவர் மீட்டரைக் குறை சொல்ல மாட்டார். “ரொம்பக் கறுப்பு, படத்துல விழ மாட்டேங்குது” என்பார்.

இந்தப் பழி மீட்டர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பும் பழுப்பும் அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. பழுப்புத் தோல் நேரில் இருப்பதைவிடக் கறுத்தே விழுந்தது. சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ ஏழு தொகுதிகளைப் புரட்டிப் பார்க்கலாம். மூக்கின் நீள அகலத்தை அளவுகோல் வைத்து அளந்து, மனிதர்களை வகை பிரித்த காலம் அது. செங்கல்பட்டு மாவட்ட இருளரும் அதில் உண்டு. 1997இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை திருவள்ளூர்ப் பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று இங்கே அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் இருளர் பெண்களின் பாட்டிகளுக்குப் பாட்டிகள் தலைமுறை அது. மூக்கை மில்லிமீட்டரில் அளந்த அந்த அறிவியலின் கையில் இருந்த கருவி, தோலின் நிறத்தைத் தவறாகப் பதிவுசெய்துகொண்டிருந்தது. எல்லா நிறங்களையும் ஓரளவு நேர்மையாக வாங்கும் பான்குரோமேட்டிக் பிலிம் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான்.

பிலிம் மாறியது, பழக்கம் மாறவில்லை. தமிழ்நாட்டு ஸ்டுடியோவுக்குள் ஒரு பெண் நுழைந்த காரணங்களை எண்ணினால் விரல்கள் மிஞ்சும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் அதில் முதன்மையானது. கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்கும். “இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கம்மா” என்பது அன்பாகச் சொல்லப்பட்ட தொழில்நுட்ப அறிவுரை. ஒளியமைப்பை முகத்துக்கேற்ப மாற்றுவதைவிட முகத்தை ஒளியமைப்புக்கேற்ப மாற்றுவது எளிது. மிச்சத்தை டச்சிங் பார்த்துக்கொள்ளும். நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் மெல்லத் தீட்டினால், அந்த இடம் பிரிண்டில் வெளுத்து வரும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தின் நிறம் எல்லாம் ஈயப்பென்சிலின் கீழ் கரைந்தன. இதைச் செய்த கைகளின் நுட்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊசிமுனையளவு இடத்தில் வேலை செய்த கலைஞர்கள் அவர்கள். வாடிக்கையாளர் கேட்டதையே கொடுத்தார்கள். ஆனால் என்ன கேட்கச் சொல்லி நமக்குக் கற்பித்திருந்தார்கள்? ‘சிவந்த நிறம்’, ‘மாநிறம்’ என்று வரன் விளம்பரம் வகை பிரித்த நாட்டில், ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்பதே பாராட்டாக இருந்த வீடுகளில், ஒரு பெண்ணின் எக்ஸ்போஷர் அவள் சீதனத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இது தமிழருக்கு மட்டும் உரிய கோணல் என்று நினைக்க வேண்டாம். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையை இன்றும் புகைப்பட மாணவிகள் படிக்கிறார்கள். கறுப்பிலிருந்து வெள்ளைவரை டோன்களைப் படிகளாகப் பிரித்து, ஐந்தாவதில் நடுச் சாம்பலை வைக்கும் முறை. அருமையான முறைதான், ஆனால் சராசரி முகம் எது என்று கேட்டால் ஆறாம் படியைக் காட்டும். அது வெள்ளையர் தோல். வண்ணப்பட லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டை இன்னும் வெளிப்படையானது. நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, 1950களிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதல் மாடலின் பெயர் ஷெர்லி, அதற்குப் பின் வந்தவர்களும் ஷெர்லிகளே. இதை ஆராய்ந்த லோர்னா ராத் கண்டறிந்த ஒரு தகவல் சிரிப்பையும் கோபத்தையும் சேர்த்து வரவழைக்கும். பழுப்பு டோன்களைப் பிலிம் சரியாக வாங்கவில்லை என்ற குறையைக் கோடாக் காதில் உறைக்கச் சொன்னவர்கள் சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் விற்பவர்களும். சாக்லேட்டுக்குக் கிடைத்த நீதி நமக்கும் கொஞ்சம் கிடைத்தது.

கேட்டுப் போராடிய பெண்ணும் உண்டு. பொலராய்டு நிறுவனத்தின் வேதியியலாளர் கரோலின் ஹண்டர், தன் நிறுவனத்தின் உடனடிப் படக் கருவி தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாஸ் புத்தகங்களுக்குப் பயன்படுவதை 1970இல் அறிந்தார். சக ஊழியர் கென் வில்லியம்ஸோடு சேர்ந்து போராட்டம் தொடங்கினார். வேலை போயிற்று. 1977இல் பொலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது. தெரியாமல் போவது மட்டுமே அநீதி அல்ல, யாருக்காகத் தெரிய வைக்கிறோம் என்பதும் கேள்விதான் என்று அவர் வழக்கு காட்டுகிறது. தொழிற்சாலை வாசலில் கழுத்து அட்டையைக் காட்டி நுழையும் கும்மிடிப்பூண்டிப் பெண்ணுக்கும், அங்கேயே முகாமில் அடையாள அட்டையோடு வாழும் ஈழத்துப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கேமராவுக்குப் பின்னால் பெண் வந்தால் எல்லாம் மாறிவிடுமா? ஹோமாய் வியாரவாலாவை நினைத்துக்கொள்கிறேன். 1913இல் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்ஷாவின் பெயரில்தான் அச்சாயின. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியின் சக மாணவிகளை அவர் எடுத்த படங்களில் பெண்கள் யாருக்கும் வரன் தேடிக்கொண்டிருக்கவில்லை. வேலை செய்கிறார்கள், யோசிக்கிறார்கள். 1942இல் டெல்லிக்குப் போய் ரோலிஃபிளெக்ஸும் ஸ்பீட் கிராபிக்குமாகச் சேலையில் சுற்றி வந்தார். ரோலிஃபிளெக்ஸை மார்புயரத்தில் பிடித்து, தலை குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். குனிந்த தலை நிமிராத பெண்ணாக இருந்தபடியே ஒரு தேசத்தின் பிறப்பைப் பதிவு செய்ய முடிந்த கருவி அது! படம் எடுப்பவர், எடுக்கப்படுபவர் முகத்துக்கு நேராக எதையும் நீட்டுவதில்லை. அந்தக் கோணம் மரியாதையான கோணம் என்பது என் அபிப்பிராயம்.

இன்று பழைய கேமராக்களைத் தேடிப்பிடித்து வாங்கும் இளம்பெண்களுக்கு உள்ளிருக்கும் மீட்டர் பெரும்பாலும் உதவாது. செலினியம் செல் காலப்போக்கில் சோர்ந்துவிடும். யாஷிகா மேட் 124ஜியின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் முள் பொய் சொல்லும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது, முள்ளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வழியில்லை. வெள்ளைக் குமிழ் வைத்த தனி மீட்டர் கிடைத்தால் அதை அவள் முகத்தருகே வைத்து, கேமராவை நோக்கித் திருப்பி அளக்கலாம். அது தோலிலிருந்து திரும்பும் ஒளியைப் பார்ப்பதில்லை, தோலின்மேல் விழும் ஒளியை மட்டுமே பார்க்கிறது. மதில் வெள்ளையாக இருந்தாலும் சேலை வெள்ளையாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

அதுவும் இல்லையென்றால் உள்ளங்கை இருக்கிறது. மேல்தோலின் நிறம் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபட்டாலும், உள்ளங்கையின் வெளிர்ப்பு அவ்வளவாக வேறுபடுவதில்லை. நடுச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சம். அவள் நிற்கும் அதே வெயிலில் உங்கள் கையை விரித்து, சாதாரண மீட்டரால் உள்ளங்கையை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். எஃப் 16 என்று காட்டினால் எஃப் 11. முகம் மிகக் கறுத்தது என்றால் இன்னும் அரை ஸ்டாப் கொடுக்கலாம், கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதைத் தாங்கும். சூளையில் வேலை செய்பவரின் கையை அளப்பதானால் செங்கல் தூளைக் கழுவிவிட்டு அளக்க வேண்டும். முகத்தைக் கழுவச் சொல்ல வேண்டியதில்லை.