தஞ்சை ஆயுதசாலையின் வளரிகள்

தஞ்சாவூர் அரண்மனைக்குச் செல்வோர் எட்டு நிலைகளோடு உயர்ந்து நிற்கும் கூடகோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் சந்ததியின்றி 1855இல் காலமாகி, ராஜ்யம் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போகும் வரையில், அதுவே அரசர்களின் ஆயுதசாலையாக விளங்கியது என்பர். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அந்தப் படைக்கலங்களிற் பெரும்பகுதி 1863இல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. சிறந்தவை சில மாத்திரம் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அவ்வருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலைக்குரிய வளைதடிகள் மூன்று உண்டென்றும், அவற்றுள் இரண்டு தந்தத்தாலும் ஒன்று மரத்தாலும் ஆனவை என்றும், சென்னையில் சம்ஸ்கிருதப் பேராசிரியராயிருந்த கஸ்டவ் ஆப்பர்ட் எழுதி வைத்திருக்கிறார்.

வளைதடி என்பதும் வளரி என்பதும் ஒன்றே. காவேரி பாயும் நன்செய்யைக் கடந்து, வல்லத்துக்குத் தெற்கே செம்மண் மேடும் முட்புதரும் தொடங்கிப் புதுக்கோட்டைச் சீமை வரையில் பரந்து கிடக்கும் நாட்டிலே, கள்ளரும் மறவரும் மானையும் முயலையும் வீழ்த்தவும், போர் வந்தபோது பகைவரை எதிர்க்கவும் கையாண்ட எறிபடை அது. கள்ளர் சமூகத்தாரின் பெயரையே தடிக்கும் சூட்டி ஆங்கிலேயர் அதனைக் 'காலரி ஸ்டிக்' என்று வழங்கினர்.

அதன் அமைப்பு மிகவும் எளிது. ஆனால் அவ்வெளிமைக்குள்ளே நுட்பம் அடங்கியிருக்கிறது. வைரம் பாய்ந்த மரத்திலோ, சில சமயம் இரும்பிலோ, பிறை வடிவாகச் செய்யப்படும் வளரியின் ஒரு முனை கனத்தும் மறுமுனை இலேசாகவும் இருக்கும், வெளிவளைவு கூராக்கப்பட்டிருக்கும். எறிபவன் இலேசான முனையைப் பற்றி, தோளுக்கு மேலே சில முறை சுழற்றி, வேகம் கூடிய கணத்தில் குறியை நோக்கி வீசுவான். எந்தக் கணத்தில் விரல்கள் விடுகின்றனவோ அந்தக் கணத்தைப் பொறுத்ததே குறியின் வெற்றி. அதைக் கற்பிக்கும் ஆசான் இடைவிடாத அப்பியாசமேயன்றி வேறில்லை. எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்று கதை சொல்லி வியப்போர் பலர். என் மனத்துக்கு வளரியின் பெருமை திரும்புவதில் இல்லை, தவறாமற் சென்று சேர்வதில் இருக்கிறது.

அந்த அப்பியாசத்தின் உச்சத்தைக் கண்ணாரக் கண்டு எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். சிவகங்கைச் சின்ன மருதுவே தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலிற் கற்றுக் கொடுத்தவர் என்றும், தேர்ந்த கையில் அது நூறு கெஜத்துக்குட்பட்ட எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்றும் 1830இல் வெளியான தம் நினைவு நூலில் அவர் நன்றியோடு குறிப்பிட்டார். கற்பித்த சின்ன மருதுவோ கம்பெனியாரை எதிர்த்துப் போரிட்டு, 1801 அக்டோபர் 24ஆம் நாள் தம் தமையனாரோடு திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்; கற்றுக்கொண்டவர் அந்தப் போரில் எதிர்ப்படையில் இருந்தார். போர் முடிந்ததும் கம்பெனியார் பாளையக்காரர் நாட்டு மக்களின் ஆயுதங்களைப் பறித்தனர்.

ஆயினும் வளரி உடனே மறைந்துவிடவில்லை. கள்ளர் இல்லங்களில் விவாகத்தின்போது இரு வீட்டாரும் வளைதடியை மாற்றிக்கொள்வது வழக்கமாயிருந்தது. 'வளைதடி அனுப்பிப் பெண்ணை எடு' என்ற வசனமே வழங்கிற்று. புதுக்கோட்டை அரசர் ஆயுதசாலையில் மரவளரிகள் எப்போதும் இருப்பில் இருந்தன. எனினும் 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூற்றொகுதியை வெளியிட்டபோது அவருக்குக் கிடைத்த செய்தி, அந்தச் சமஸ்தானத்தில் வளரி எறிவதில் வல்லவர் எவரும் இனிக் கிடைப்பதில்லை என்பதே. ஆயுத பூஜையன்று துடைத்துச் சுத்தம் செய்து பூஜையறையில் வைக்கும் புனிதப் பொருளாக வளரி எஞ்சியது. அதை எறிந்த கை எஞ்சவில்லை.

குறிபார்த்து எறியும் கலை வேறு நாட்டில் வேறோர் உருவில் இன்றும் வாழ்கிறது. 1975இல் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் தட்டெறியும் ஆட்டத்துக்கென ஒரு களம் அமைத்தார். பிறகு சங்கிலிகள் தொங்கும் கூடையையே இலக்காக்கினார். இன்று அதை ஆடுவோர் நெடுந்தூரத்துக்குக் கூர்விளிம்புத் தட்டையும் கூடையருகே மழுங்கிய விளிம்புத் தட்டையும் தேர்ந்து, ஒரே இடத்தில் நின்று ஒரே வீச்சை மீண்டும் மீண்டும் பயில்கின்றனர். கருவியின் கனமறிந்து தேர்வதும், கை தானே அறியும் வரையில் பழகுவதும் நம் முன்னோர்க்கும் தெரிந்த வித்தையே.

கருவியை அருங்காட்சியகம் காக்கும்; கைத்திறனைக் கைதான் காக்க வேண்டும். சிலம்பக் கூடங்கள் சிலவற்றில் இளைஞர் வளரியை மீண்டும் எடுத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. பழைய வளரி இருக்கும் வீட்டார், அடுத்த ஆயுத பூஜையன்று அதைத் துடைத்து வைப்பதோடு நில்லாமல், எந்த முனையைப் பற்றி எப்படி வீசினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைப்பார்களாக.