ஹார்வர்டுக்குப் போன வௌவால் கூண்டு

அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு 1938. ஹார்வர்டு மாணவர் டொனால்ட் கிரிஃபின், ஒரு கூண்டில் வௌவால்களைப் போட்டு இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸின் ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். சிறு பழுப்பு வௌவால். பத்து கிராம்கூடத் தேறாது. வட அமெரிக்காவின் கொட்டகைகளிலும் பரண்களிலும் சாதாரணமாகத் தொங்கும் பிராணி. பூச்சிகளின் ஒலியை ஆராய்வதற்காகப் பியர்ஸ் வைத்திருந்த கருவி, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியையும் கேட்கவைக்கும். கூண்டை அதன் முன்னே வைத்ததும், ஊமை என்று நினைத்திருந்த வௌவால்களிடமிருந்து இரைச்சல் கொட்டியது!

காதை அடைத்தால் வௌவாலுக்கு வழி தெரியாது என்பதை ஜெனீவாவின் ஆய்வாளர் ழூரின் 1790களிலேயே கண்டிருந்தார். இத்தாலிய அறிவியலாளர் ஸ்பல்லன்சானியும் சோதித்து ஒப்புக்கொண்டார். ஆனால் வௌவாலின் குரல் யாருக்கும் கேட்கவில்லையே! அறிவுலகம் நூறாண்டுக்கும் மேலாக அந்த முடிவை ஒதுக்கியே வைத்தது. அது பெரிய அநீதி என்றே சொல்வேன்.

பியர்ஸின் கருவியில் குரல் கேட்டபின், கிரிஃபினும் சக ஆய்வாளர் ராபர்ட் கலம்போஸும் ஓர் அறையில் ஓரடி இடைவெளியில் கம்பிகளைத் தொங்கவிட்டார்கள். கண்ணை மூடிய வௌவால் லாகவமாகப் பறந்தது. காதை அடைத்தாலும் வாயைக் கட்டினாலும் கம்பிகளில் மோதியது. கத்துவதும் கேட்பதும் சேர்ந்ததுதான் அதன் பார்வை. 1941இல் முடிவுகள் அச்சாயின.

அந்தச் சிறு பழுப்பு வௌவாலுக்கே பின்னர் ஆபத்து வந்தது: 2006இல் நியூயார்க்கின் ஒரு குகையில் முதலில் தென்பட்ட, வௌவால்களைத் தாக்கும் வெண்மூக்கு நோய், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் அந்த இனத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. இன்று ஆய்வாளர்கள் அதே குரலைப் பதிவுசெய்துதான் மிஞ்சியவற்றைத் தேடுகிறார்கள்.