ரிசீவரின் முதுகுப்பக்கம்

பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்று வீட்டுக்கு வந்தால் எல்லோரும் முதலில் முகப்பைத்தான் பார்ப்பார்கள். வெள்ளி நிறத் தகடு, டயலுக்குப் பின்னால் எரியும் விளக்கு, சுண்டிவிட்டால் பம்பரம் மாதிரி ஓடும் ட்யூனிங் குமிழ். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியை இணைக்க வேண்டும் என்றால் அதைத் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பியதும் பாதிப் பேருக்குத் தலை சுற்றும். ஃபோனோ, ஆக்ஸ், டேப் மானிட்டர், 300 ஓம், 75 ஓம், ப்ரீ அவுட், மெயின் இன் என்று வரிசையாகத் துளைகளும் திருகுகளும். எது எதற்கு?

கையேட்டில் பதில் இருக்கும். ஆனால் 'ஏன் இப்படி' என்பது கையேட்டில் இருக்காது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு அந்த ஏன்-தான் முக்கியம். எங்கள் தொழிலில் தினமும் வரும் கேள்வி ஒன்று உண்டு: புது வெர்ஷனை வெளியிடும்போது பழைய வெர்ஷன் வைத்திருப்பவனை என்ன செய்வது? கைவிடுவதா, அவனையும் இழுத்துக்கொண்டு போவதா? ரிசீவரின் முதுகை நோண்ட நோண்ட, அதில் பாதித் துளைகள் இதே கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் சொல்லப்பட்ட பதில்கள் என்று தோன்றியது. அந்தக் குறிப்புகள்தான் இவை. இடையிடையே இணைக்கும் முறையும் வரும்.

முதலில் ரிசீவர் என்றால் என்ன? ரேடியோ ட்யூனர், ப்ரீ ஆம்ப்ளிஃபையர், பவர் ஆம்ப்ளிஃபையர் மூன்றும் ஒரே பெட்டியில். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹை-ஃபை என்பது இவற்றைத் தனித்தனியாக வாங்கி, சில சமயம் தானே பற்றவைத்துச் சேர்க்கும் ஆண்களின் பொழுதுபோக்கு. சிட்னி ஹார்மனும் பெர்னார்ட் கார்டனும் 1953இல் தொடங்கிய நிறுவனம் 1954இல் ஃபெஸ்டிவல் டி1000 என்ற பெட்டியில் மூன்றையும் அடக்கியது. கம்பி தெரியாதவர்களும் வாங்கலாம் என்பதுதான் அதன் விற்பனைத் தந்திரம்.

இணைப்புக்கு வருவோம். எதற்கும் முன்னால் மின்சாரம். என்னிடம் இருப்பது ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்ற, 1970களின் நடுவில் வந்த ரிசீவர். பின்னால் 120 வோல்ட் என்று போட்டிருக்கும். அதை நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சில நொடிகளில் புகை. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், அதுவும் பெட்டி இழுக்கும் வாட்ஸைவிடத் தாராளமாக. பல நாடுகளுக்காகச் செய்த மாடல்களில் வோல்ட்டேஜ் மாற்றும் திருகு ஒன்று இருக்கும். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகள் பலவும் அந்த வகை. ஜப்பானின் உள்நாட்டு மாடல் என்றால் இன்னும் சிக்கல்: 100 வோல்ட், தவிர எஃப்.எம். டயல் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். சென்னையின் தனியார் நிலையங்கள் எல்லாம் 91-க்கு மேல். வாங்கும் முன் டயலைப் பாருங்கள்.

அடுத்தது ஆன்டெனா. 300 ஓம் என்று எழுதிய இரண்டு திருகுகளில் தட்டை ஒயரால் செய்த 'டி' வடிவ ஆன்டெனாவை மாட்டி, சுவரில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு விரித்து ஆணி அடித்தால் போதும். ஒன்றரை மீட்டர் ஏன்? 98 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர், அதில் பாதி. சரி, ஏன் 98ஐ ஒட்டி? எஃப்.எம். ஏன் 88 முதல் 108 வரை இருக்கிறது? இந்த இடத்தில்தான் ஒரு மனிதரின் கதை வருகிறது.

எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். இன்றும் வானொலிப் பெட்டிகளில் இருக்கும் சூப்பர்ஹெட்டரோடைன் சுற்றை 1918இல் உருவாக்கியவர். அகலப்பட்டை எஃப்.எம்.முக்கான காப்புரிமைகள் அவருக்கு 1933 டிசம்பர் 26 அன்று கிடைத்தன. இடி மின்னலின் கரகரப்பு இல்லாத வானொலி. அன்றைய ஏ.எம். கேட்டவர்களுக்கு அது நம்ப முடியாத அமைதி. நண்பராக இருந்த டேவிட் சார்னாஃபின் ஆர்.சி.ஏ. நிறுவனம் தொடக்கத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சோதனைக்கு இடம் கொடுத்தது, 1935இல் கருவிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் சொந்தப் பணத்தில் நியூ ஜெர்சியின் ஆல்பைனில் கோபுரம் கட்டினார். போருக்கு முன் எஃப்.எம். 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, லட்சக்கணக்கான பெட்டிகள் விற்றிருந்தன.

1945 ஜூனில் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. எஃப்.எம்.மை 88-க்கு மேல் தூக்கிவிட்டது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் அலைகள் பிரதிபலித்துக் குழப்பம் வரும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆர்ம்ஸ்ட்ராங் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்த அந்த லட்சக்கணக்கான பெட்டிகள் சில ஆண்டுகளில் வெறும் மரச்சாமான் ஆயின. ஒரு வெர்ஷன் மாற்றத்தில் இருந்த பயனர்கள் அத்தனை பேரும் காலி. வாங்கிச் சூடுபட்டவன் மறுபடியும் எஃப்.எம். வாங்குவானா? அந்த நம்பிக்கை திரும்ப வெகுகாலம் பிடித்தது.

ஆர்ம்ஸ்ட்ராங் 1948இல் ஆர்.சி.ஏ. மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தார். வழக்கு இழுத்தது, பணம் கரைந்தது. 1954 ஜனவரி 31 இரவு நியூயார்க்கில் தன் பதின்மூன்றாம் மாடி வீட்டு ஜன்னலிலிருந்து குதித்து இறந்தார். மனைவி மரியான் ஒருகாலத்தில் சார்னாஃபின் செயலாளராக இருந்தவர். அவர் விடவில்லை. ஆர்.சி.ஏ. சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. மற்ற நிறுவனங்களோடு ஒவ்வொன்றாக மோதி, மோட்டோரோலாவோடு இருந்த கடைசி வழக்கு முடிந்தது 1967இல். எல்லாவற்றிலும் அவருக்கே வெற்றி.

இப்போது ஸ்டீரியோ. 1950களில் ஒரு நிலையத்திலிருந்து இரண்டு சானல் அனுப்ப முறை இல்லை. அதனால் இடது பக்கத்தை எஃப்.எம்.மிலும் வலது பக்கத்தை ஏ.எம்.மிலும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பினார்கள். நியூயார்க்கின் டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆர். 1952இலேயே இதைச் செய்து பார்த்தது. கேட்பவர் வீட்டில் இரண்டு ரேடியோக்களை ஆளுக்கொரு மூலையில் வைக்க வேண்டும். ஹார்மன் கார்டன் 1958இல் கொண்டுவந்த ஃபெஸ்டிவல் டிஏ230இல் இதற்காகவே ஏ.எம்.முக்கும் எஃப்.எம்.முக்கும் தனித்தனி ட்யூனர். உலகின் முதல் ஸ்டீரியோ ரிசீவர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் இதில் வேடிக்கையில்லாத பிரச்சினை ஒன்று இருந்தது: ஒரே ஒரு ரேடியோ வைத்திருந்தவனுக்குப் பாதி ஆர்க்கெஸ்ட்ராதான் கேட்டது.

எனவே 1961இல் எஃப்.சி.சி. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தபோது, பழைய மோனோ ரேடியோ முழு இசையையும் பெற வேண்டும் என்பது எந்த முறையும் மீற முடியாத நிபந்தனையாக இருந்தது. ஸெனித், ஜெனரல் எலெக்ட்ரிக் இரண்டின் முறை ஏப்ரலில் தேர்வாகி, ஜூன் 1 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. உள்ளே இருப்பது பள்ளிக்கூட அல்ஜீப்ராதான். இடதும் வலதும் கூட்டிய தொகை வழக்கமான இடத்தில் போகும். மோனோ ரேடியோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும், வேறெதுவும் இருப்பதே அதற்குத் தெரியாது. இடதிலிருந்து வலதைக் கழித்த வித்தியாசம், காதுக்கு எட்டாத 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஒளிந்து போகும். ஸ்டீரியோ ரிசீவர் இரண்டையும் கூட்டினால் இடது, கழித்தால் வலது. 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய பைலட் தொனி, 'இது ஸ்டீரியோ' என்று அறிவிக்க. முகப்பில் சிவப்பாக எரியும் ஸ்டீரியோ விளக்கு அந்தத் தொனியைக் கண்டால்தான் எரியும்.

தோற்றுப்போன முறைகளில் மர்ரி க்ராஸ்பியுடையது முக்கியமானது. அதிலும் தொகை, வித்தியாசம் என்ற அதே கணக்குதான், மோனோ ரேடியோவும் தப்பிக்கும். வித்தியாசத்தையும் எஃப்.எம். ஆகவே அனுப்பியதால் இரைச்சல் குறைவு. ஆனால் அது இடத்தை அடைத்துக்கொண்டது. கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் பின்னணி இசையை அதே அலையில் ஒளித்து அனுப்பி நிலையங்கள் சம்பாதித்துக்கொண்டிருந்தன. க்ராஸ்பி வந்தால் அந்த வருமானம் போகும். ஒலித்தரம் மட்டும் தீர்மானித்திருந்தால் நாம் இன்று க்ராஸ்பி முறையில் கேட்டுக்கொண்டிருப்போம் என்பது என் கருத்து.

அந்தச் சமரசத்தின் விலையை இன்றும் நீங்கள் கேட்கலாம். ஸ்டீரியோவில் எஃப்.எம். இரைச்சல் மோனோவைவிட 20 டெசிபெல்லுக்கும் மேல் கூடும். தூரத்து நிலையம் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறினால் மோட் குமிழை மோனோவுக்குத் திருப்புங்கள். சீறல் சட்டென்று அடங்கும், ஏனென்றால் வித்தியாசச் சிக்னலை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். இன்னொரு சின்ன விஷயம்: ஒலிபரப்பில் மேல் ஸ்தாயியைக் கூட்டி அனுப்பி ரிசீவரில் குறைப்பார்கள். அமெரிக்காவில் இதற்கு 75 மைக்ரோசெகண்ட் கணக்கு, நம்மிடம் 50. அதனால் அமெரிக்கப் பெட்டி இங்கே கொஞ்சம் மந்தமாகப் பாடும். ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினால் சரி. (இந்தியாவில் எஃப்.எம். தொடங்கியதே சென்னையில், 1977 ஜூலை 23 அன்று. என் பெட்டி தயாரானபோது இந்த ஊரில் அதற்குப் பிடிக்க ஒரு நிலையமும் இல்லை.)

ஃபோனோ துளைக்கு வருவோம். காந்த காட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். சி.டி. ப்ளேயர் தருவது 2 வோல்ட் வரை. நானூறு மடங்கு வித்தியாசம். அது மட்டுமில்லை. பேஸ் ஒலி தட்டில் அகலமான பள்ளத்தைக் கேட்கும், அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டுவார்கள். ஃபோனோ துளைக்குப் பின்னால் உள்ள சுற்று அதைத் தலைகீழாக்கும். ஆகவே டர்ன்டேபிளை ஆக்ஸில் செருகினால் கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிசாகக் கேட்கும். சி.டி.யை ஃபோனோவில் செருகினால் இடி முழக்கம். இன்றைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் இந்தச் சுற்று உள்ளேயே இருக்கும், அவற்றை ஆக்ஸில்தான் செருக வேண்டும். பக்கத்தில் ஜி.என்.டி. என்ற திருகில் டர்ன்டேபிளின் மெல்லிய தரை ஒயரைக் கட்டாவிட்டால் 'ம்ம்ம்' என்ற முனகல் போகாது.

எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் ஆரம்பத்தில் ஒவ்வொரு ரெக்கார்டு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. அன்றைய ப்ரீ ஆம்ப்ளிஃபையர்களில் கம்பெனிக்கேற்ப மாற்ற ஒரு குமிழ் இருந்தது. 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே கணக்குக்கு அமெரிக்கக் கம்பெனிகள் வந்துசேர, குமிழ் மெல்ல மறைந்தது. பழைய தட்டு வைத்திருப்பவனை இங்கே கைவிட்டார்கள். உங்கள் தாத்தாவின் 78 சுற்றுத் தட்டுகளை நவீன ரிசீவரில் போட்டால் தொனி கோணலாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டீரியோ தட்டில் மட்டும் பழையவனை நினைத்தார்கள். 1931இல் பிரிட்டனில் ஆலன் ப்ளூம்லைன் காப்புரிமைக்கு எழுதியதில் இருந்த யோசனைதான்: பள்ளத்தின் இரண்டு சுவர்களில் இரண்டு சானல், 45 டிகிரி சாய்வில். ஊசியின் பக்கவாட்டு அசைவு தொகை, மேல்-கீழ் அசைவு வித்தியாசம். மறுபடியும் அதே அல்ஜீப்ரா! 1942இல் ராடார் சோதனை விமானம் விழுந்து இறந்த ப்ளூம்லைன், 1958இல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. மோனோ தட்டு போடும்போதும் மோட் குமிழை மோனோவில் வையுங்கள், கீறல் சத்தத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும்.

சத்தமே வரவில்லையா? பழுது என்று முடிவுகட்டும் முன் டேப் மானிட்டர் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அழுந்தியிருந்தால் ரிசீவர், இல்லாத டேப் ரெக்கார்டரிலிருந்து சத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். மூன்று தலை கொண்ட ரெக்கார்டரில் பதிவாவதை உடனுக்குடன் கேட்டுச் சரிபார்க்க வந்த வசதி அது. இரண்டாவது, ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் சேர்க்கும் 'யு' வடிவக் கம்பிகள் தொலைந்திருக்கும். ஒரு சாதாரண ஆர்.சி.ஏ. ஒயர் போதும்.

ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு பக்கம் மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும். ஏ, பி இரண்டு ஜோடியையும் சேர்த்து ஓட்டினால் பெரும்பாலான பெட்டிகளில் 8 ஓம் 4 ஆகிவிடும். பின்னால் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓம்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ் பற்றி ஒரு வார்த்தை: 1974 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம், இரண்டு சானலும் ஓடும்போது, ஒரு மணி நேரம் சூடேற்றிய பிறகு அளந்ததை மட்டுமே விளம்பரத்தில் போடலாம் என்று விதித்தது. அதுவரை ஆளுக்கொரு பொய். நம்ம ஊரில் அப்படி ஒன்று இல்லாததால்தான் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்ஸ்' பெட்டிகளை எல்லாம் பார்த்தோம். விதி வந்த பின் நேர்மையான எண்களில் போட்டி மூண்டு, 1978இல் பயோனியர் எஸ்.எக்ஸ்.-1980 சானலுக்கு 270 வாட்ஸ் வரை போனது. வீட்டில் சாதாரணமாகக் கேட்க ஒன்றிரண்டு வாட்ஸே தாராளம்.

கடைசியாக, 1970களின் பல ரிசீவர்களில் '4 சேனல் எம்.பி.எக்ஸ். அவுட்' என்று ஒரு துளை இருக்கும். 1961-க்கு முன் வந்த ட்யூனர்களிலும் எம்.பி.எக்ஸ். என்று ஒரு துளை இருந்தது. தரநிர்ணயம் முடிவாகும் முன்பே, பின்னால் அடாப்டர் மாட்டிக்கொள்ளட்டும் என்று பொறியாளர்கள் விட்டுவைத்தது. அது பலித்தது. நாலு சானல் எஃப்.எம். பரவவே இல்லை. அந்தத் துளையில் எதையும் செருக வேண்டாம். தூசி போகாமல் ஒரு ரப்பர் மூடி மட்டும் போட்டுவிடுங்கள்.