காலடிக் கணக்கு

காலடியை எண்ணும் வழக்கம் நில அளவையில் பிறந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் படையோடு நடந்தவர்களில் பெமாடிஸ்டுகள் என்றொரு வகுப்பார் இருந்தார்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எத்தனை காலடி என்று எண்ணிக் குறிப்பதே அவர்கள் உத்தியோகம். அவர்கள் குறித்துவைத்த தொலைவுகளை ரோமானிய எழுத்தாளர் பிளினி பிற்காலத்தில் எடுத்தாண்டார். ரோமில் பொறியாளர் விட்ருவியஸ் இந்த வேலையைச் சக்கரத்திடம் ஒப்படைக்க ஒரு வழி சொன்னார். வண்டிச் சக்கரம் சுழலச் சுழலப் பல்சக்கரங்கள் நகர்ந்து, மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். பயணம் முடிந்ததும் கல்லை எண்ணினால் போதும்.

18ஆம் நூற்றாண்டில் கடிகாரத் தொழில் நுணுகியபோது, எண்ணும் வேலை சட்டைப்பைக்குள் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஆப்ரகாம் லூயி பெர்லே, நடக்கும் அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். கால் மணி நேரம் நடந்தால் அது எட்டு நாள் ஓடும் என்று 1777இல் ஜெனீவாவில் பதிவாகியிருக்கிறது. அதே அசைவைக் கொண்டு காலடியையும் எண்ணலாம் என்பது அடுத்த எட்டு.

பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1788இல் தம் நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்கு அப்படியொரு காலடிமானியை அனுப்பிவைத்தார். மாட்டிக்கொள்ளும் முறையையும் கடிதத்தில் விளக்கினார். காற்சட்டையின் இடது கடிகாரப் பையின் அடியில் சிறு துளை போட வேண்டும். கருவியில் தைத்த நாடாவை அதன் வழியே உள்ளுக்குள் இறக்கி, முழங்கால் பட்டையில் கொக்கியால் மாட்ட வேண்டும். ஒவ்வொரு எட்டுக்கும் முழங்கால் நாடாவை இழுக்க, முள் ஒரு கோடு நகரும். இதைக் கண்டுபிடித்தவரே ஜெஃபர்சன் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர் கண்டுபிடிக்கவில்லை, வாங்கிப் பயன்படுத்தினார்.

காலடிக் கணக்கின் உச்சமான சாதனையில் இயந்திரமே இல்லை. இந்தியாவின் பெரும் முக்கோண அளவை 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கியது. வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோட்டை அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். அறுபது ஆண்டுகளில் அந்த அளவை இமயத்தைத் தொட்டு, திபெத் எல்லையில் நின்றுபோனது. வெள்ளைக்காரர்களை லாசா உள்ளே விடவில்லை. ஆகவே தாமஸ் மாண்ட்கோமரி என்ற அதிகாரி, எல்லையோர மலைவாழ் மக்களிலிருந்தே ஆள் எடுத்து, டேராடூனில் பழக்கினார். அவர்களில் முதன்மையானவர் குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங் ராவத்.

ஏற்றமோ இறக்கமோ, காலடியின் நீளம் மாறக் கூடாது; மைலுக்கு ஏறத்தாழ 2,000 காலடி. பயிற்சியின் சாரம் இதுதான். யாத்ரிகன் வேடத்தில் போகிறவர் கையில் ஜெபமாலை இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முறைப்படி 108 மணி இருக்க வேண்டிய மாலையில் 100 மணிதான் கோத்திருந்தார்கள். நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று வரும்போது 10,000 காலடி, அதாவது ஐந்து மைல். மந்திரச் சுருள் இருக்க வேண்டிய பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் அளவைக் குறிப்புகள் இருந்தன. இப்படி 1865-66இல் சுமார் 1,200 மைல் நடந்து லாசாவின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறிக்க உதவினார் நைன் சிங். ஏறக்குறைய 25 லட்சம் காலடி! 1877இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. எண்ணியவர் அவர், கணக்கு போய்ச் சேர்ந்தது ஆட்சியாளர்களிடம்.

வழியை விட்டு, நடப்பவரின் பக்கம் கணக்கு திரும்பியது 20ஆம் நூற்றாண்டில்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் எழுந்தது. மறு ஆண்டே யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் செருகும் காலடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெயர் ‘மன்போ-கெய்’, பத்தாயிரம் காலடிமானி. இன்று உலகமே இலக்காகக் கொள்ளும் 10,000 என்ற எண்ணின் பூர்வீகம் இந்த விற்பனைப் பெயர்தான். மருத்துவ ஆய்வு பின்னால்தான் வந்தது. ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர் சராசரி 72 வயதான 16,741 பெண்களின் நடையை அளந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500க்கு மேல் நடந்தும் கூடுதல் பலன் தென்படவில்லை. வயதான பெண்களிடம் மட்டும் செய்த ஆய்வு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு வர உதவியது கார்த் தொழில். மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிக்க, 1990களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் சிலிக்கான் சில்லில் முடுக்கமானியைச் செதுக்கியது. விலை இறங்க இறங்க அது விளையாட்டுச் சாதனத்துக்குள்ளும் புகுந்தது. 2006இல் வந்த நின்டெண்டோ வீயின் கைப்பிடியைப் பார்த்து, இந்த உணரியை உடம்பிலேயே அணியலாமே என்று நினைத்தவர் ஜேம்ஸ் பார்க். எரிக் ஃபிரீட்மனுடன் சேர்ந்து 2007இல் அவர் தொடங்கியதுதான் ஃபிட்பிட். முதல் கருவி 2009இல் வாங்கியவர்களின் கைக்கு வந்தது.

முடுக்கமானிக்குக் காலடி என்றால் என்னவென்று தெரியாது. மூன்று திசைகளிலும் ஏற்படும் அசைவை நொடிக்குப் பல முறை எண்களாகத் தருவது மட்டுமே அதன் வேலை. சீரான இடைவெளியில் வரும் ஏற்ற இறக்கத்தை மென்பொருள் ‘நடை’ என்று ஊகிக்கிறது. அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தால் கணக்கு குறைகிறது. குண்டும் குழியுமான சாலையில் பைக் ஓட்டினால் கூடுகிறது.

இதயத் துடிப்பைக் காட்டும் பச்சை விளக்குக்கு வேறு பாரம்பரியம். ரத்தம் பச்சை ஒளியை அதிகம் உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு தோலடி ரத்தத்தின் அளவு மாறுவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். ஒளியால் நாடி பார்க்கும் முறையை 1930களிலேயே அமெரிக்காவில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் ஆராய்ந்தார். அதை ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு வரை கொண்டு சென்றவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி, ஆண்டு 1974. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் விரல்நுனியில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர் அவர் தந்ததே. அந்தத் தொற்று பரவத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

சந்தையில் பலர் வந்து போனார்கள். காலடிப் பட்டை செய்த ஜாபோன் நிறுவனம் 2017இல் மூடப்பட்டது. கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய பெபிள் கடிகாரம், ஃபிட்பிட்டிடம் போனது. 2015இல் ஆப்பிள் கடிகாரமும் ஷாவ்மியின் மலிவான பட்டையும் நடுவிலிருந்தவர்களை இரு பக்கமும் நெருக்கின. அந்தப் பட்டை இந்தியாவில் 999 ரூபாய்க்கு வந்தது. தமிழக அரசு நிறுவனமான டிட்கோவின் கூட்டு முயற்சியாக 1984இல் உருவாகி ஓசூரில் கைக்கடிகாரம் செய்துவந்த டைட்டனும் 2017இல் ஃபாஸ்ட்ராக் ரிஃப்ளெக்ஸ் பட்டையோடு இதில் இறங்கியது.

அடுத்த மாற்றம் எண்ணிக்கையிலிருந்து ஊகத்துக்கு. 2018இல் ஆப்பிள் கடிகாரம் இசிஜி எடுக்கத் தொடங்கியது. 2024இல் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதையும், 2025இல் நீடித்த உயர் ரத்த அழுத்தத்தின் அறிகுறியையும் எச்சரிக்க அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. அந்தக் கடிகாரத்தில் ரத்த அழுத்தத்தை அளக்கும் காற்றுப்பட்டை ஏதும் இல்லை. பல நாள் துடிப்பின் வடிவத்தைப் பார்த்து, இயந்திரக் கற்றலால் செய்யும் ஊகமே அது; மருத்துவரின் கருவிக்கு மாற்றாகாது.

இப்படி ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு கணினிக்குள்ளும் இதே ஆண்டுகளில் குடியேறியது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ‘கோபைலட் பிளஸ்’ கணினிகளை அறிவித்தபோது, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனிச் சில்லு இருக்க வேண்டும் என்று விதித்தது. திரையில் ஓடுவதையெல்லாம் படம் பிடித்து நினைவில் வைக்கும் ‘ரீகால்’ வசதிக்கு எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிவைத்து, மறு ஆண்டுதான் வெளியிட்டது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஹியூமேன் நிறுவனத்தின் 699 டாலர் ஏஐ பின் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 2025 பிப்ரவரியில் விற்பனை நின்றது.

இப்படிக் கருவிகளில் சேர்ந்த கணக்கு எங்கே போகிறது என்பதே இன்றைய கேள்வி. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த ஓட்டப்பாதை வரைபடத்தில் ராணுவ முகாம்களின் எல்லைகள் பளிச்சென்று தெரிந்தன. காலையில் ஓடிய சிப்பாய்களின் பட்டைகளே காட்டிக்கொடுத்தன. ஃபிட்பிட்டைக் கூகுள் 210 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தபோது ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை போட்டது: பயனர்களின் உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தக் கூடாது. கூகுள் ஒப்புக்கொண்டு 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. ஆணையத்துக்குத் தந்த அந்த உறுதிமொழி ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கானது. இந்தியா 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. உடல்நலத் தரவுக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை.