மதீனாவின் அருகே எழுந்த நெருப்பு

உம்ராவுக்குச் சென்ற நம்மில் பலர் மதீனாவின் புறநகரில் கரிய கற்பரப்பைக் கண்டிருப்போம். அரபியர் அதனை ‘ஹர்ரா’ என்பர். அது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய நிலம் என்பதை அறியாமலே கடந்து வந்தோரும் நம்மில் உண்டு.

ஹிஜ்ரி 654, ஜுமாதல் ஆகிர் மாதத் தொடக்கத்தில் மதீனாவில் பூமி அதிரத் தொடங்கிற்று. பள்ளிவாசலில் விளக்குகள் ஆடின. இரவும் பகலும் அதிர்வு நிற்கவில்லை. மாதத்தின் ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமையன்று (கி.பி. 1256 ஜூன் இறுதி) நகரின் தென்கிழக்கே, ஹர்ரத்து ரஹாத்தில் நிலம் பிளந்து நெருப்பு எழுந்தது. ஏறத்தாழ 52 நாட்கள் அது எரிந்தது. குழம்பு சுமார் 23 கி.மீ. தூரம் ஓடி, நகருக்கு ஏறக்குறைய 8 கி.மீ. தொலைவு வரை வந்து, வடக்கே திரும்பி அடங்கியது.

மதீனாவாசிகள் டமாஸ்கஸுக்கு எழுதிய கடிதங்களை வரலாற்றாசிரியர் அபூ ஷாமா (ரஹ்) தம் நூலில் எடுத்தெழுதி வைத்தார். அதனாலேயே அந்நாட்களின் செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது. நகரின் காழி ஸினான் அமீரிடம் சென்று, வேதனை நம்மைச் சூழ்ந்துவிட்டது, அல்லாஹ்விடம் மீளுங்கள் என்றார். அமீர் தம் அடிமைகள் அனைவரையும் விடுதலை செய்தார். மக்களிடமிருந்து எடுத்த பொருள்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். அதன் பின்னரே மஸ்ஜிதுன் நபவிக்கு வந்தார். பேரீச்சந் தோட்டங்களில் இருந்தோர், பெண்கள், குழந்தைகள் என எல்லோரும் அங்கே கூடி அழுது துஆச் செய்து இரவைக் கழித்தனர்.

இந்நிகழ்ச்சியைக் கூறும் பயான்கள் பெரும்பாலும் நெருப்பின் அளவையும் ஒளியையுமே விவரிக்கின்றன. பிறர் பொருளைத் திருப்பித் தந்த செய்தி ஏனோ விடுபட்டுப் போகிறது. நமக்கோ அதுவே இவ்வரலாற்றின் நடுப்பகுதியாகத் தோன்றுகிறது. தவ்பா என்பது நாவோடு நின்றுவிடாமல், பிறருக்குரிய உரிமையை ஒப்படைப்பதையும் உள்ளடக்கியது என்று நம் ஆலிம்கள் கற்பிப்பதை மதீனாவின் ஆட்சியாளர் ஒரே நாளில் செய்து காட்டினார். அச்சத்தால்தானே செய்தார் என்று சிலர் கேட்கலாம். இருக்கட்டும், விடுதலை பெற்றவருக்கு அது விடுதலையே.

ஹிஜாஸிலிருந்து ஒரு நெருப்பு வெளிப்பட்டு, புஸ்ராவிலுள்ள ஒட்டகங்களின் கழுத்துகளை ஒளிரச் செய்யும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. புஸ்ரா சிரியாவின் ஹவ்ரான் பகுதியைச் சேர்ந்தது. அதே ஹவ்ரானில் நவா என்னும் ஊரில் பிறந்த இமாம் நவவி (ரஹ்), இந்நெருப்பு தம் காலத்திலேயே வெளிப்பட்டது என்றும், சிரியா மக்கள் அனைவரும் அதனை அறிந்திருந்தனர் என்றும் முஸ்லிமின் விரிவுரையில் எழுதியுள்ளார்கள்.

எரிமலையிலிருந்து தப்பிய மஸ்ஜிதுன் நபவி, அதே ஆண்டு ரமளான் முதல் இரவில் ஒரு பணியாளரின் விளக்குத் தீயால் எரிந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் பக்தாதும் வீழ்ந்தது.

2009-இல் மதீனாவின் வடமேற்கே ஹர்ரத்து லுனைய்யிரில் மீண்டும் நிலம் ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்தது. இம்முறை நிலநடுக்கமானிகள் இருந்தன. அல்ஈஸ் பகுதியிலிருந்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். நிலத்தில் நீண்ட பிளவு விழுந்தது. குழம்பு மேலே வரவில்லை. அதிர்வுகள் தணிந்த பின்னர் மக்கள் தம் வீடுகளுக்குத் திரும்பினர்.