தொட்டிக்கரியின் புகை எங்கே போனது?

மே மாதக் கடைசி சனிக்கிழமை பி பிளாக் மொட்டை மாடியில் பிள்ளைகள் அடுப்பு வைத்துக் கோழி சுட்டதும், அதற்கடுத்த செயற்குழுக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டதும் நம்மில் பலருக்குத் தெரியும். அன்று இரண்டு வாதங்கள் எழுந்தன. "இது நம்மூர்ப் பழக்கமே இல்லீங்க, வெளிநாட்டுக் கூத்து" என்றார் மூன்றாம் மாடிப் பெரியவர். "இது கொட்டாங்குச்சிக் கரி அங்கிள். புகையே வராது, சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு அட்டையிலேயே போட்டிருக்கு" என்றார் கல்லூரி படிக்கும் தம்பி. ஜூலைப் பொதுக்குழுவில் முடிவெடுக்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். இதழின் வரலாற்றுப் பக்கம் என் பொறுப்பில் இருப்பதால் கொஞ்சம் துழாவிப் பார்த்தேன். இருவர் சொன்னதும் பாதிதான் சரி.

முதலில் பெயர். தெற்கே சிரட்டை, பொதுவாகக் கொட்டாங்குச்சி. நம் கொங்குப் பக்கம் தேங்காய்த் தொட்டி. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போய் 'தொட்டிக்கரி' என்றால்தான் சட்டென்று புரியும்.

கரி சுடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. அந்த உலைகள் எரிந்தது மரக்கரியில். தேங்காய்க்கரியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. கொங்கு வானம் பார்த்த பூமி. பனைதான் இங்கே தானாக நிற்கும். தென்னை என்பது வாய்க்காலோ கிணறோ இருந்த தோட்டத்துச் சொத்து. என் பாட்டி வீட்டு அடுப்பில் எரிந்தது பருத்தி மார். கொட்டாங்குச்சி வெந்நீர் அடுப்புக்கு, அதுவும் விசேஷம் முடிந்து மீந்தால்தான்.

நிலைமையை மாற்றியது தண்ணீர். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது, கிணறுகளில் மோட்டார் ஏறியது. 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் காங்கேயம் பக்கம் வரை எட்டியது. அடுத்து பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தை நனைத்தது. தென்னந்தோப்புகள் பெருகின. காய் பெருகியதும் அதைக் கொப்பரையாக்கும் களங்களும் எண்ணெய் ஆலைகளும் காங்கேயத்தைச் சுற்றி எழுந்தன.

ஏன் காங்கேயம்? இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கேரளத்திலும் இலங்கையிலும் மழை அதிகம், கொப்பரையை வெயிலை நம்பிக் காய வைக்க முடியாது. இலங்கையில் பரண் போட்டுத் தேங்காய் மூடிகளைப் பரப்பி, கீழே சிரட்டைகளை வரிசையாக அடுக்கிக் கொளுத்தி, அந்தச் சூட்டில் உலர்த்துவார்கள். சிரட்டைத் தீயில் உணவைச் சுட்டு உலர்த்தும் வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் அவர்கள்தான் என்று சொல்லலாம். ஆனால் அங்கே தொட்டியில் பெரும்பங்கு அந்த அடுப்புக்கே போய்விடும். காங்கேயமோ மழை மறைவுப் பிரதேசம். களத்தில் கொட்டினால் வெயிலே காய வைத்துவிடும். அதனால் தொட்டி முழுவதும் மிச்சம். மிஞ்சியது மலைபோல் குவிய, அதைச் சுட்டுக் கரியாக்குவது தனித் தொழிலாகவே ஆனது.

அந்தக் கரியை வாங்கியது யார்? இஸ்திரி போடுகிறவர்கள், நகைப் பட்டறைக்காரர்கள், சாம்பிராணி போடுகிற வீடுகள். நெருப்பு நெடுநேரம் நிற்கும், சாம்பல் குறைவு, பொறி அவ்வளவாகத் தெறிக்காது என்பதால் வெள்ளை வேட்டிக்கு மேல் ஓடும் பெட்டிக்கு இதைவிடத் தோதான கரி கிடையாது. நம் கேட்டுக்கு எதிரே வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்பா காலங்க. இப்ப சிலிண்டர் பெட்டி" என்றார். வண்டியின் கீழ்த்தட்டில் அப்பாவின் பித்தளைப் பெட்டி இன்னும் இருக்கிறது. தூக்கிப் பாருங்கள், கை வலிக்கும்.

உலகம் இந்தக் கரியைக் கவனித்தது முதல் உலகப் போரில். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அதன்பின் முகமூடிக்குள் விஷவாயுவைப் பிடித்து வைக்க எந்தக் கரி சிறந்தது என்ற தேடல் நடந்தது. அமெரிக்கர்களின் சோதனையில் முன்னால் நின்றது தேங்காய் ஓட்டுக்கரி. ஓடு இறுக்கமானது, அதன் கரியை நீராவியில் பதப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உண்டாகும், வாயு அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் ஓடு போதாமல் 1918இல் அமெரிக்க வீடுகளில் பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்துத் தரச் சொல்லி, தெருவில் பீப்பாய் வைத்து வாங்கினார்கள். நாம் வெந்நீர் அடுப்பில் போட்டுக்கொண்டிருந்த பொருளுக்கு அங்கே அப்படி ஒரு பஞ்சம்.

அந்தப் பதப்படுத்திய கரிதான் இன்று உலகெங்கும் தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பானின் கறுப்புக் குழாயில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். ஆகவே மூன்றாம் மாடிப் பெரியவர் தினமும் குடிக்கும் தண்ணீர் தொட்டிக்கரியைத் தொட்டுத்தான் வருகிறது.

இனி தம்பியின் வாதம். இந்தக் கரியில் புகை வராது என்பது உண்மைதான். ஏன் வராது என்று யாரும் கேட்பதில்லை. மூன்று கிலோ தொட்டியைச் சுட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ கரி கிடைக்கும். மீதி இரண்டு கிலோ நீராவியாக, தாராக, கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் கலந்த புகையாக, கரி சுடும் இடத்திலேயே காற்றில் போய்விடும். பழைய முறையில் மண்ணில் குழி வெட்டி, அடியில் தீ வைத்து, தொட்டியை அடுக்கடுக்காகப் போட்டு, காற்றுப் புகாமல் மூடி வைப்பார்கள். திறந்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். அந்தத் தண்ணீர் தாரையும் கரித்தூளையும் கரைத்துக்கொண்டு நிலத்தில் இறங்கும். காங்கேயம் வட்டாரத்தில் கிணற்று நீர் கெட்டுப்போகிறது, பயிரில் கரி படிகிறது என்று விவசாயிகள் பலமுறை போராடியிருக்கிறார்கள். புகையை வெளியே விடாமல் எரித்து அந்தச் சூட்டையே பயன்படுத்தும் உலைகள் இருக்கின்றன, செலவு பிடிக்கும். நம் மாடியில் வராத புகை, வேறு ஓர் ஊரில் முன்பே வந்து போன புகை. அட்டையில் இதைப் போட மாட்டார்கள்.

கடையில் விற்கும் சதுரக் கட்டிகள் அந்தக் கரியைப் பொடித்து, மரவள்ளி மாவுப் பசை சேர்த்து அழுத்தியவை. அமெரிக்காவில் 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் கார் ஆலைக்கு அறுத்த மரத்தின் கழிவைக் கரியாக்கிக் கட்டிபோட்டு விற்ற அதே உத்திதான். ஓட்டுக்கரியில் அதைப் பெரிய ஏற்றுமதியாக வளர்த்தது இந்தோனேசியா. சமையலுக்கு இது நல்ல கரி, சந்தேகமில்லை. சூடு சீராக நிற்கும். ஆனால் 'புகை மணம்' கரியிலிருந்து வருவதில்லை. கோழியின் கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து கருகும்போது எழும் மணம் அது. உண்மையான புகை வேண்டுமானால் சுடாத தொட்டித் துண்டு இரண்டைத் தணல்மேல் போட வேண்டும். அப்போது பி பிளாக் முழுக்க மணக்கும், அடுத்த செயற்குழு இரண்டு மணி நேரம் நடக்கும்.

'நம்மூர்ப் பழக்கமே இல்லை' என்பதற்கும் பதில் இருக்கிறது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நம் குடியிருப்பிலேயே உண்டு, கேட்டுப் பாருங்கள். ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் நோன்பு. பாரதப் போர் ஆடி 1இல் தொடங்கி 18இல் முடிந்தது என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். தேங்காயின் நாரை மழித்து, ஓட்டைக் கல்லில் வழவழவென்று தேய்த்து, ஒரு கண்ணைத் திறந்து, அவல், வெல்லம், எள், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை போட்டு அடைப்பார்கள். இளநீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, வாசலில் தீ மூட்டித் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். ஓடு கருகி விரிசல் விடும்போது உள்ளே பாதி வெந்தும் பாதி புகையேறியும் இருக்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், ஓடு கரியாகிவிட்டிருக்கும், பருப்பு பாகில் ஊறியிருக்கும். எந்த ஓட்டலிலும் நான் அந்த ருசியைச் சாப்பிட்டதில்லை.

பொதுக்குழுவுக்கு என் யோசனை இதுதான். தடை வேண்டாம், இடம் மாறட்டும். மொட்டை மாடியில் சின்டெக்ஸ் தொட்டிகளும் கேபிள் ஒயர்களும் இருக்கின்றன, அங்கே தணல் கூடாது. பால்கனியிலும் மூடிய அறையிலும் அறவே கூடாது. புகையில்லாக் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஜன்னல் சாத்திய அறையில் தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஜெனரேட்டர் அறையிலிருந்து தள்ளி, பின்பக்க மதிலோரம் திறந்த வெளி இருக்கிறது. அங்கே ஒரு செங்கல் மேடை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், தணலை அணைத்துப் போட மூடியுள்ள இரும்பு வாளி. கரி வாங்கும்போது எங்கே, எப்படிச் சுட்டது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்து வீடு கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.

ஆடி 1 ஜூலை நடுவில் வருகிறது. மேடை அதற்குள் தயாராகிவிட்டால் சேலத்துக்கார வீடுகள் தேங்காய் சுட்டுக் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். அழிஞ்சில் குச்சி காந்திபுரத்தில் கிடைக்குமா தெரியவில்லை. ஈரோடு பக்கம் போகிறவர்கள் ஒரு கட்டு வாங்கி வந்தால் உதவியாக இருக்கும். மூன்றாம் மாடிப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு ரெண்டு தேங்காய் எடுத்து வைங்க" என்றார்.