எட்டு மணி நேரத்துக்கு எத்தனை அணா?

போன தீபாவளிக்கு எடிசனில் நடந்த விழாவில் என் அக்கா மகள் ஒரு குட்டிக் கடை போட்டாள். அவளே பின்னிய கம்பளித் தொப்பிகள், ஒன்று 12 டாலர். "எப்படி இந்த விலை வைத்தாய்?" என்று கேட்டேன். "கடையில அப்படித்தானே விக்கிறாங்க மாமா!" என்றாள்.

நூல் 6 டாலர். பின்ன 4 மணி நேரம். அப்படியென்றால் அவள் சம்பளம் மணிக்கு ஒன்றரை டாலர்! நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலியே 15 டாலருக்கு மேல். அவளுக்குச் சொன்ன பழைய கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் டி-ஷர்ட் லேபிளைப் பாருங்கள். இந்தியாவில் தைத்தது என்றால், அது திருப்பூரிலிருந்து வந்திருக்கலாம். பனியனுக்குப் பேர் வாங்கும் முன்பு திருப்பூர் கதருக்குப் பேர் போன ஊர். 1925-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்துக்குத் தமிழ்நாட்டில் அதுதான் தலைமையிடம். கிராமத்துப் பெண்கள் ராட்டையில் நூற்றார்கள். சங்கம் அந்த நூலை வாங்கி, நெசவாளர்களிடம் கொடுத்துத் துணியாக்கி விற்றது.

ஆனால் மில் துணி மலிவு. அதோடு போட்டி போடக் கதர் விலையைக் குறைக்க வேண்டும். எதில் குறைப்பது? நூற்கும் பெண்ணின் கூலியில்தான். நாள் முழுக்க நூற்றாலும் ஓர் அணா, கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் அதிகம். 16 அணா சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். ஏழைகளுக்கு உதவத் தொடங்கிய வேலையில், வாங்குபவருக்கான தள்ளுபடியை ஏழைப் பெண்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

1935-இல் காந்தி இதைக் கேள்வி கேட்டார். ஒரு மணி நேர வேலைக்கு ஓர் அணா, 8 மணி நேரத்துக்கு 8 அணா வேண்டும் என்றார். சங்கத்துக்காரர்கள் பயந்தார்கள். விலை ஏறினால் யார் வாங்குவார்கள்? வாங்க ஆளில்லை என்றால் அந்தப் பெண்களுக்கு வேலையே இருக்காதே! நியாயமான பயம்தான். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, திறமையாகச் செய்த 8 மணி நேர வேலைக்கு 3 அணா என்ற அளவில் வந்து நின்றது.

கேட்டது எட்டு, கிடைத்தது மூன்று. ஆனாலும் கணக்குப் போடும் வரிசை மாறிவிட்டது. முன்பு சந்தை விலையில் எல்லாச் செலவும் போக மிச்சம்தான் கூலி. இப்போது முதலில் கூலி, கடைசியில்தான் விலை.

பொங்கல் விழாவில் என் அக்கா மகள் தொப்பிக்கு 40 டாலர் வைத்தாள். ஒன்றுதான் விற்றது. கூடவே, அரை மணி நேரத்தில் பின்னக்கூடிய தலைப்பட்டைகளை 12 டாலருக்கு வைத்தாள். அவை எல்லாம் தீர்ந்துவிட்டன. இரண்டிலும் அவள் நேரத்துக்குக் கூலி இருந்தது.

நீங்கள் கையால் செய்த எதையாவது விற்றிருக்கிறீர்களா? அதில் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைத்தது? ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.